எட்டுப் பேருக்கு மூன்று கேள்வி

ஃப்ரிட்ஜ் கதவில் எழுதியது அழியவில்லை.

லிஃப்ட்காரர் முதலில் விரலால் தேய்த்தார். பிறகு எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு தேய்த்தார். 'மை நேம் இஸ்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியது, கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது என்பது போல அசையாமல் நின்றது.

"அப்பா, எந்த மார்க்கர் எடுத்தீங்க?" என்று மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"போர்டு மார்க்கர்தான்."

மகள் எழுந்து வந்து வாங்கிப் பார்த்தாள். "இது பார்சல் மேல அட்ரஸ் எழுதறது. மழையில நனைஞ்சாக்கூட அழியாது."

"அழியாதுன்னா?"

"அழியாதுன்னா அழியாதுப்பா."

"நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுப் பாருங்க அத்தான்," என்றது சோபா. சோபாவில் படுத்திருந்தது மனைவியின் தம்பி. வேலை தேடி வந்து ஏழு மாதமாகிறது. இதுவரை அந்த சோபாவைத் தாண்டி எங்கேயும் தேடியதாகத் தெரியவில்லை.

சொன்னவன் யார், அவன் இதுவரை சொன்ன யோசனை எதுவாவது உருப்பட்டிருக்கிறதா என்று மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பாட்டிலில் இருந்தது முழுவதையும் பஞ்சில் ஊற்றி அழுத்தித் தேய்த்தார். ஃப்ரிட்ஜின் பளபளப்பு உரிந்து வந்துவிட்டது. எழுத்து வரவில்லை. தட்டு அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, அதன் நடுவே முன்னைவிடத் தெளிவாக 'மை நேம் இஸ்'.

சரியாக அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால். செருப்பைக் கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"என் பேர்னு எழுதிட்டுப் பேரை எழுதாம விட்டுட்டீங்களே. ஃப்ரிட்ஜுக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை வகுப்புக்குப் பழகிப் பார்த்தேன்."

"ஊருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க என் ஃப்ரிட்ஜுதான் கிடைச்சுதா?"

இந்த வகுப்பு விவகாரம் இரண்டு வாரம் முன்பு ஆரம்பித்தது. பக்கத்துத் தெருத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அம்மா, கட்டட வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் எட்டுப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து, முட்டி மோதிப் பார்த்து, கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரர் மட்டும் கையைத் தூக்கினார்.

"நல்லா யோசிச்சுக்குங்க," என்றார் அந்த அம்மா. "அவங்களை வேன்ல அனுப்பற கம்பெனிக்குப் பொறுமை போயிடுச்சு. உங்க முதல் வகுப்பு முடியறப்போ அவங்க அதிகாரி வந்து மூணு கேள்வி கேட்பார். பேர் என்ன, என்ன வேலை, தீப்பிடிச்சா என்ன செய்வே. எட்டுப் பேர்ல நாலு பேராவது பதில் சொல்லணும். இல்லேன்னா அடுத்த வாரத்துல இருந்து வேன் கிடையாது. வேன் இல்லேன்னா வகுப்பு கிடையாது."

"நான் பார்த்துக்கறேன்," என்றார் இவர்.

வீம்புக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு ஊரில் இருக்கும் பாதி லிஃப்டுகளைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுகிற இந்த மனுஷர், இருபத்திரண்டு வருடம் முன்பு சிமென்ட் மூட்டை தூக்க வந்தவர்தான். ஒரு நாள் இரண்டு மேலாளர்கள் அவர் பக்கத்திலேயே நின்று ஆங்கிலத்தில் ஏதோ பேசி, அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கும்போது நாம் உம்மென்று நிற்கக் கூடாதே என்று அவரும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். தன்னை அனுப்பி வைக்கிற பேச்சுக்குத் தானே பல்லைக் காட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. மறுபடி இங்கே வந்து சேர இரண்டு வருடம் ஆனது. அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் அவமானத்தில் காது சுடும். இன்னொருத்தன் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மனைவிக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் ஃப்ரிட்ஜைப் பார்த்த பிறகும் அவர் வீட்டுக்குள்ளே இருக்க முடிந்தது.

மறுநாள் அந்தத் திட்டை மறைக்க ஒரு பெரிய தாளை ஒட்டினார். தாள் மொட்டையாக இருந்தது. அதில் 'ஃப்ரிட்ஜ்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் கண் மின்னியது. பாவம், அந்த மனுஷருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"வீட்ல இருக்கற ஒவ்வொரு சாமானுக்கும் இப்படிப் பேர் ஒட்டிட்டா, பார்த்துப் பார்த்து எனக்கே சொல்லிக்கொடுக்க வசதியா இருக்கும்ல?"

"உங்களுக்கு மேசைக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியாதாப்பா?" என்றாள் மகள்.

"தெரியறது வேற, சொல்லிக்கொடுக்கறது வேற. ஒரு லிஃப்ட்டுல ஏறணும்னா நான் நாற்பத்திரண்டு விஷயம் சரிபார்ப்பேன். ஏறத் தெரியாதவனா நான்?"

நூறு ஸ்டிக்கர் வாங்கி வந்தார். கதவு, ஜன்னல், நாற்காலி, மிக்ஸி, விளக்குமாறு, தண்ணீர்க் குடம் என்று ஒன்றையும் விடவில்லை. மைத்துனன் தூங்கி எழுந்தபோது அவன் தலைமாட்டிலும் ஒன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி வேலை முடிந்து வந்தபோது கதவைத் திறந்த விதமே சரியில்லை. கைப்பையை வைக்கவில்லை, எறிந்தாள்.

"திரும்பறேன். என் முதுகுல என்ன இருக்குன்னு படிங்க."

லிஃப்ட்காரர் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தமாப் படிங்க!"

"ஸோஃபா."

"காலையில ரெண்டு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார்ந்தேன். இதோட வார்டு வார்டா எட்டு மணி நேரம் சுத்தியிருக்கேன். டாக்டர் பார்த்திருக்கார், ஒண்ணும் சொல்லல. கூட வேலை பார்க்கறவங்க பார்த்திருக்காங்க, சிரிச்சிருக்காங்க, சொல்லல. கடைசியில எட்டாம் நம்பர் கட்டில்ல இருக்கற பெரியவர் கேட்கறார், 'சிஸ்டர், நீங்க எத்தனை பேர் உட்கார்ற சைஸு?'ன்னு."

சோபாவில் இருந்தவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"நீ சிரிச்சே, நாளைக்கே கிளம்பிடுவே," என்று தம்பியைப் பார்த்து ஒரு விரலை நீட்டினாள். விரல் அப்படியே கணவன் பக்கம் திரும்பியது. "ஒத்திகைக்கு என்னை மாணவியா உட்காரச் சொன்னீங்களே, அது நடக்காது. இனிமே இந்த வீட்ல எனக்கு இங்கிலீஷும் தெரியாது, உங்களையும் தெரியாது."

ஆகவே ஒத்திகைக்கு மைத்துனனும் மகளும்தான் கிடைத்தார்கள். மகளை வெல்டர் என்றார். மைத்துனனைப் பெயின்டர் என்றார். உழைப்பாளி வேஷமே அவனுக்குப் பொருந்தவில்லை.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"எதுக்குக் கேட்கறீங்க?" என்றான் பெயின்டர்.

"டேய், பதில் சொல்லு."

"வேலை செஞ்சு களைச்சு வந்தவன் அத்தான் நான். ஞாயித்துக்கிழமை லீவுல கொண்டு வந்து உட்கார வச்சுப் பேரைக் கேட்டா எனக்குக் கோபம் வராதா? டீ உண்டா முதல்ல?"

"டீயெல்லாம் அப்புறம்! வாட் இஸ் யுவர் வொர்க்?"

"பெயின்டர்னு நீங்கதானே சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

லிஃப்ட்காரர் கத்திய கத்தலில் மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மகள் அமைதியாகத் தன் ஃபோனை எடுத்து, பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினாள். ஏதோ ஒரு ஆள் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"யாரும்மா இது?"

"நீங்கதாம்பா. சண்டை போடறவர் மாதிரி இருக்கு. புதுசாக் கத்துக்கறவங்களுக்கு மெதுவாப் பேசணும். ஒரு வார்த்தை சொல்லிட்டு, மூச்சு விட்டு, அடுத்த வார்த்தை."

நல்ல யோசனைதான். ஆனால் இவரிடம் ஒன்றைச் சொன்னால் அதோடு விடுவாரா? சாப்பிடும்போது மெதுவாகப் பேசினார். ஃபோனில் மெதுவாகப் பேசினார். சனிக்கிழமை மதியம் வேலையிலும் மெதுவாகப் பேசினார். வம்பு அங்கேதான் வந்தது.

ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். மின்சாரம் தடுமாறியதால் வந்த சின்னக் கோளாறு, ஐந்து நிமிஷ வேலை. வழக்கமாக அவர் மைக்கில், "ஒண்ணுமில்லீங்க, வந்துட்டேன்," என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அன்றைக்கு மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, "ப்ளீஸ்..." என்றார். மூச்சு விட்டார். "டோன்ட்..." என்றார். மறுபடி மூச்சு. "வொர்ரி..."

உள்ளே இருந்த நான்கு பேரும் இது கடைசி நேரத்தில் சொல்கிற ஆறுதல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பெண் வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னாள். இன்னொருவர் மயங்கி விழுந்தார். கதவு திறந்தபோது தீயணைப்பு வண்டி ஒன்றும் ஆம்புலன்ஸ் ஒன்றும் வாசலில் நின்றன.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவருடைய மேனேஜர் கேட்டார்.

"நல்லா... இருக்கேன்... சார்," என்றார். மேனேஜர் அவரை அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிந்தால் வகுப்பு. வேகமாகப் பேசினால் புரியாது, மெதுவாகப் பேசினால் ஆள் மயங்குகிறான்.

"ரொம்ப சிம்பிள் அத்தான்," என்றான் மைத்துனன். "சைகை வச்சுக்குங்க. அதிகாரி கேள்வி கேட்கறப்போ நீங்க அவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு நெஞ்சைத் தொட்டா, பேரைச் சொல்லணும். தலையில கை வச்சா, ஹெல்மெட், அதாவது என்ன வேலைன்னு சொல்லணும். ரெண்டு கையையும் வாசல் பக்கம் வீசினா, தீ. அவ்வளவுதான்."

"அது காப்பியடிக்கிற மாதிரி இல்ல?"

"வகுப்பு நடக்கணுமா, வேண்டாமா?"

நடக்க வேண்டும். எப்படியாவது நடக்க வேண்டும். அந்த நேரத்தில் இவன் யோசனை என்பதையே மறந்துபோனார். அன்று மாலை முழுவதும் கண்ணாடி முன் நின்று நெஞ்சு, தலை, வாசல், நெஞ்சு, தலை, வாசல் என்று பழகினார். உங்களையே தெரியாது என்று சொல்லியிருந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

"நாளைக்கு நல்லா நடக்கும், தூங்குங்க," என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்துக் கூடத்தில் வேன் வந்து நின்றது. எட்டுப் பேரும் குளித்துத் தலைவாரி, அயர்ன் பண்ணிய சட்டையோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெயின்டர், வெல்டர், கிரேன் ஓட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர், மரவேலைக்காரர்கள் இருவர், பிளம்பர் இருவர். எல்லோருக்கும் முப்பதுக்கு மேல். இவ்வளவு மரியாதையான முகங்களை அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு வெறுமையான முகங்களையும் பார்த்ததில்லை.

"மை நேம் இஸ்... சொல்லுங்க பார்ப்போம்."

"மை நேம் இஸ்," என்றார் பெயின்டர் பவ்யமாக.

"அதுக்கப்புறம் உங்க பேர்."

"மை நேம் இஸ் உங்க பேர்."

"உங்க பேரைச் சொல்லணும் தம்பி!"

"மை நேம் இஸ் தேங்க்யூ சார்."

கம்பி கட்டுகிறவர் எந்தக் கேள்விக்கும் 'யெஸ்' என்றார். கிரேன் ஓட்டுகிறவர் எந்தக் கேள்விக்கும் நோட்டைத் திறந்து, மூடினார். வெல்டருக்கு 'ஃபயர்' என்று இருபது முறை சொல்லிக்கொடுத்தார். இருபத்தொன்றாவது முறை கேட்டபோது வெல்டர் நெடுநேரம் யோசித்து, "குட் மார்னிங்," என்றார். நடுவில் ஒருமுறை அலுப்பில் லிஃப்ட்காரர், இந்த வேலைக்கு நான் லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரிப்பது போலக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பிளம்பர் இருமிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். அதை மட்டும் எட்டுப் பேரும் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

பதினொன்றுக்கு அதிகாரி வந்தார். இந்த ஊர்க்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கையில் ஒரு அட்டை, அதில் எட்டுப் பெயர்கள். உட்காரக் கூட இல்லை. பெயின்டரைப் பார்த்துப் பெயரைக் கேட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற லிஃப்ட்காரர் நெஞ்சைத் தொட்டார். பெயின்டரும் நெஞ்சைத் தொட்டார். பேசவில்லை. தொட்டுக்கொண்டு அன்பாகச் சிரித்தார்.

அதிகாரி அடுத்தவரிடம் என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். எட்டுப் பேரும் இரண்டு கையையும் தலையில் வைத்தார்கள்.

தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அதிகாரி. எட்டுப் பேரும் வாசலைப் பார்த்துக் கையை வீசினார்கள். தன்னை வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்த அதிகாரி, விருட்டென்று பின்னால் திரும்பினார். அங்கே லிஃப்ட்காரரும் கையை வீசிக்கொண்டிருந்தார்.

அதிகாரி அட்டையில் எட்டுப் பெயருக்கும் குறுக்காக ஒரே கோடு போட்டார். அப்போது அவருடைய ஃபோன் அடித்தது.

"சொல்லு, பேசலாம்," என்றார் ஆங்கிலத்தில். "நம்ம ஆளுங்க எட்டுப் பேர்தான் இருக்காங்க. ஒரு வார்த்தை புரியாது. வாத்தியார் இருக்கார், அவர் போய்ச் சொல்ல மாட்டார்." சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "புதன்கிழமை காலையில பத்து மணி. இவங்க வேலைக்குப் போனதும் ரூம் ரூமாச் சோதனை போடு. ரூம்ல வைக்கக் கூடாத எலெக்ட்ரிக் அடுப்பு எது கிடைச்சாலும் தூக்கிடு. முன்னாடியே தெரிஞ்சுடக் கூடாது. சாயங்காலம் வந்து முழிக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எட்டுப் பேரும் அவரைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார்கள்.

லிஃப்ட்காரருக்குக் காது சுட்டது. இருபத்திரண்டு வருடம் கழித்து அதே சிரிப்பு. ஒன்றுக்கு எட்டாக.

"உங்க மேல தப்பில்லை," என்று அதிகாரி அவர் தோளைத் தட்டினார். "இவங்க மண்டையில ஏறாது. வேனை நிறுத்தச் சொல்லிடறேன்." அட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

லிஃப்ட்காரர் எட்டுப் பேர் பக்கமும் திரும்பினார்.

"ஏன்யா சிரிச்சீங்க?" என்று கத்தியே விட்டார். "அந்த ஆள் உங்களைப் பத்தித்தான் பேசறார். உங்களுக்கு எதிராத்தான் பேசறார். அதுக்குப் போய்ப் பல்லைக் காட்டறீங்களே! நானும் ஒரு காலத்துல இப்படித்தான் முட்டாளா நின்னேன். நீங்களாவது அப்படி நிக்கக் கூடாதுன்னுதானே நான் தலைகீழா நின்னேன்? கேளுங்க, மெதுவாவே சொல்றேன். வர்ற புதன்கிழமை—"

"பத்து மணிக்கு சார்," என்றார் பெயின்டர், எழுந்து போர்டைத் துடைத்துக்கொண்டே. "செவ்வாய்க்கிழமையே எல்லா அடுப்பையும் வேன் டிரைவர் வீட்டுக்கு மாத்திடுவோம். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

கிரேன் ஓட்டுகிறவர் அதற்குள் ஃபோனில் யாரிடமோ, அட்டைப் பெட்டி நாலு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் பக்கத்தில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ... உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ்..."

பெயின்டர் துணியை உதறி மடித்து மேசையில் வைத்தார்.

"இங்கிலீஷ் ஆறு மாசத்துல வந்துடுச்சு சார், வராத மாதிரி முழிக்கறதுக்குத்தான் மூணு வருஷம் ஆச்சு."